நிற்கும்வரை

சுவருக்கு அந்தப் பக்கம் அலாரம் அடிக்கத் தொடங்கியபோது தேன்மொழி சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. இந்த ஒரு மாசத்தில் அந்தச் சத்தத்துக்கும் அவள் கைக்கும் ஓர் உடன்பாடு வந்திருந்தது. அது தொடங்கும்போது ஒரு மூடியை எடுத்தால், பாதி துருவுவதற்குள் மகள் தாரணி கட்டிலை விட்டு இறங்கி, ரப்பர் தட்டின் மேல் ஏறி, இடது கால் வலது கால் என்று மாற்றி மாற்றி முப்பது முறை தூக்கி வைத்திருப்பாள், பெட்டி வாயை மூடிக்கொள்ளும், குளியலறைக் குழாய் திறக்கும். பன்னிரண்டாவது படிக்கிற பெண்ணைக் காலை நாலரைக்கு எழுப்ப ஊரிலுள்ள அம்மாக்களெல்லாம் படும் பாடு அவளுக்கு இல்லை. போர்வையை இழுக்க வேண்டியதில்லை, கத்த வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை. அவளே வடிவமைத்த பெட்டி அது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், பொத்தான் என்று ஒன்றுகூடக் கிடையாது. பொத்தான் வைக்காததுதான் இதில் சாமர்த்தியம் என்று முதலாளி நாச்சிமுத்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொத்தான் இருந்தால் கை நீளும், அமுக்கும், பிள்ளை மறுபடி படுத்துக்கொள்ளும். ஒயரைப் பிடுங்கினாலும் பயனில்லை, உள்ளே பேட்டரி. தட்டின் மேல் புத்தக மூட்டையை வைத்து ஏமாற்றவும் முடியாது, எடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி விழ வேண்டும், உயிருள்ள ஓர் உடம்பு ஏறி நின்று கால் மாற்றினால்தான் அப்படி விழும். நடுவில் நின்றுவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அவள் இரண்டாவது மூடியை எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஏன் எடுத்தோம் என்று உறைத்தது. முதல் மூடி முழுக்கத் துருவி முடிந்திருந்தது. சத்தம் நிற்கவில்லை.

எழுந்திருப்பாள். நேற்று படித்துவிட்டுப் படுக்க நேரமாகியிருக்கும், கண் அசந்திருக்கும், இப்போது எழுந்திருப்பாள். தேன்மொழி மூடியைத் துருவியின் மேல் வைத்து அழுத்தினாள். சத்தம் இரண்டாம் கட்டத்துக்குப் போயிருந்தது, அதை அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும், இரண்டு அடி சேர்ந்தாற்போல, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒற்றை அடி, பிறகு நீண்ட இடைவெளி, முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் மூன்று. எதுவும் இரண்டாம் முறை அதே மாதிரி வராது. அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். முதலில் குயிலை வைத்துப் பார்த்தார்கள், பிறகு வீணை, பிறகு கோயில் மணி. அலுவலகத்துப் பையன்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்கள், மூணாம் நாளே குயில் பாட்டுக்குக் கூவுது மேடம், நாங்க பாட்டுக்குத் தூங்கறோம் என்று. மனசு எதற்கும் பழகிவிடுகிறது. அப்படியானால் பழக முடியாத ஒன்று வேண்டும். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாத வரைக்கும் மனசு காவல் காத்துக்கொண்டே இருக்கும், தூங்காது. இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் அலுவலகத்துக்கே வடை வாங்கிக்கொடுத்தாள். பீளமேட்டில் மளிகைக் கடைத் தராசு செய்கிற சின்னக் கம்பெனி அது. எடை போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத இடம். ஒரு கல்யாணப் பந்தியில் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் நாமக்கல் பக்கத்தில் விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்துகிறவர். பிள்ளைகள் காலையில் எழுவதில்லை, மணியடித்தாலும் விசிலடித்தாலும் எழுவதில்லை, வார்டன்கள் ஓய்ந்துபோகிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். ரசத்துக்கு வருவதற்குள் நாச்சிமுத்து கையடித்துக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அங்கேதான் போக வேண்டும். ஒரு தளத்துக்கு மட்டும் போதுமான பெட்டிகளும் தட்டுகளும் நேற்றே அவர் காரில் ஏறியாயிற்று. ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்வார். அதற்குள் இட்லி, சட்னி, தாரணிக்கு டிபன் பாக்ஸ். இடைவெளி. நீண்ட இடைவெளி. தேன்மொழி துருவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நின்றுவிட்டது. அப்பாடா, எழுந்துவிட்டாள். மூன்று அடி விழுந்தது.

போய்ப் பார்க்கலாம். ஆனால் போகக் கூடாது, அது அவளே போட்ட விதி. அம்மா போய் எழுப்பினால் அப்புறம் பெட்டி எதற்கு, இது ஒரு பரிசோதனை, பரிசோதனையில் கை வைக்கக் கூடாது. தாரணியிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். சரிம்மா என்றாள். எதைக் கேட்டாலும் சரிம்மா என்கிற பெண். டியூஷன் மாற்றலாமா, சரிம்மா. பாட்டுக் கிளாஸை இந்த வருசம் மட்டும் நிறுத்திக்கலாமா, சரிம்மா. முன்பெல்லாம் அப்படி இல்லையே, எட்டாவது படிக்கும்போது ஒரு கொலுசுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவள், எப்போது இந்தச் சரிம்மா வந்தது என்று யோசித்தாள், பிடிபடவில்லை, சத்தம் நினைப்பின் நடுவில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. என்னை எழுப்ப எங்கப்பா என்ன செய்வார் தெரியுமா என்று ஒருமுறை தாரணியிடம் சொல்ல ஆரம்பித்துச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அப்பா ஈரத் துண்டைக் கொண்டுவந்து உள்ளங்காலில் வைப்பார். மார்கழியில் வாளித் தண்ணீரில் முக்கிப் பிழியாத துண்டு. அதனால்தான் படித்தாள், அதனால்தான் இன்ஜினியர் ஆனாள், வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அந்தத் துண்டு காலில் பட்டு அவள் ஒருநாளாவது விழித்திருக்கிறாளா? அப்பா வாளியில் செம்பைப் போடும் சத்தத்துக்கு முன்னாலேயே கால் விரல்கள் தாமாகச் சுருண்டுகொள்ளும். இருட்டில் கண்ணைத் திறந்தபடி, கதவுக்கு வெளியே அவர் காலடி எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டு, தூங்குகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. இதெல்லாம் இப்போது எதற்கு? இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவவில்லை. அடுப்பை மூட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும்போது தளும்பி அடுப்பு அணைந்துபோயிற்று. மறுபடி மூட்டினாள். மூன்றாம் கட்டம். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் இந்தச் சத்தம் வந்ததும் ஒரு கணம் தாரணிதான் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். நாச்சிமுத்து. வீட்டில் வைத்திருக்கிற பெட்டி அவர் போனோடும் இணைந்திருந்தது, பிள்ளை எழுந்தால் பச்சை, எழாவிட்டால் சிவப்பு. விடுதியில் வார்டன் அறைச் சுவரில் ஒரு பலகை முழுக்க இப்படித்தான் சிவப்பும் பச்சையுமாக எரியப்போகிறது, கட்டிலுக்கு ஒரு விளக்கு. சிவப்பாகவே இருக்கிறதே என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார், அதற்குள் சுவரைத் தாண்டி வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பூரித்துப்போனார். போனிலேயே இப்படிக் கேக்குதே, அருமையா வந்திருக்கும்மா என்றார். அங்கே போனதும் கரெஸ்பாண்டென்டுக்கு முதலில் இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் போட்டுக்காட்ட வேண்டும் என்றார். பாப்பா எந்திரிக்கலையா என்று கேட்டார்.

"இப்பத்தான் சார் அடிக்க ஆரம்பிச்சுது," என்றாள் தேன்மொழி.

ஏன் பொய் சொன்னோம் என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகும் கை காதிலேயே இருந்தது. அந்த விடுதிக்குப் போன மாசம் அளவெடுக்கப் போயிருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடைவெளி, பிளக் பாயின்ட் எங்கே, தட்டு போட இடம் இருக்கிறதா. பெண்கள் தளம், பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்த நேரம், நீளமான அறை, வரிசையாக இரும்புக் கட்டில்கள், எல்லாத் தலையணையும் ஒரே பக்கம். வார்டன் சகுந்தலா கூட வந்தாள், நல்ல பெண், வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வயர் எந்த வழியாகக் கொண்டுவரலாம் என்று பார்க்கத் தேன்மொழி அண்ணாந்து பார்த்தபோது விட்டத்தில் இரண்டு கட்டிலுக்கு ஒன்றாக வட்ட வட்டமாகப் புதுச் சிமென்ட் பூசியிருந்தது. சீலிங் ஃபேனே இல்லை. சுவரில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஃபேன்கள், கம்பி வலைக்குள். நாமக்கல் வெயிலுக்கு இது எப்படிங்க போதும், ஃபேனையெல்லாம் கழட்டிட்டீங்களா என்று கேட்டாள். ரிப்பேரா என்று கேட்டாள். சகுந்தலா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அது வேண்டாமுன்னு எடுத்துட்டாங்க மேடம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அப்போதே மடித்து உள்ளே வைத்துவிட்டு டேப்பை இழுத்து அடுத்த கட்டிலை அளந்தாள். திரும்பி வரும் வழியில் காரில் அவளும் நாச்சிமுத்துவும் வயரைப் பற்றிப் பேசினார்கள், சங்ககிரியில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று பேசினார்கள், அண்ணாந்து பார்த்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. தாரணி அறையில் சீலிங் ஃபேன் இருக்கிறது. போன சித்திரையில் மாட்டியது, பழுப்பு நிறம், மூன்று இறக்கை, சத்தமே வராது என்று கடைக்காரர் சொன்னார், வரவும் இல்லை. தேன்மொழி இட்லி மாவைக் கலக்கினாள். அதை நினைக்காதே. மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. தாரணி நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாள்? இரண்டு தோசை. இல்லை, இரண்டு தோசை வைத்தாள், சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. ரப்பர் தட்டில் எடை குறைந்துகொண்டு வந்ததே. முதல் நாள் தட்டில் ஏறி நின்றபோது காட்டிய எடைக்கும் போன வாரத்து எடைக்கும் மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம், சென்சார் குறைத்துக் காட்டுகிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் திருத்தினாளே, தராசுக் கம்பெனியில் பதினான்கு வருசம் இருப்பவள், சென்சாரை நம்பாமல் திருத்தினாளே. இடைவெளி. கதவு தாழ் போட்டிருக்குமா? கேட்பதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கணவர் சிவசாமி காரமடை மில்லில் நைட் ஷிப்ட், எட்டு மணிக்குத்தான் வருவார். அவரைக் கூப்பிடலாம், கூப்பிட்டு என்ன சொல்வது, அலாரம் அடிக்கிறது என்றா? நான்கு அடி, தொடர்ந்து. எழுந்திருப்பாள். உயிருள்ள உடம்பு ஏறி நின்றால்தான் நிற்கும். இந்த வாக்கியத்தை அவள்தான் எழுதினாள், விளக்கக் குறிப்பில், நாச்சிமுத்து படித்துவிட்டு 'உயிருள்ள' என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், ஒரு மாதிரி இருக்கிறது என்றார். எடுத்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து தாரணி அறைக்கு அதிக தூரம் இல்லை, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு வாஷ்பேசின், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்தாள். அங்கே நின்று, கை மாவாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்க் கழுவினாள். கழுவும்போது தெரிந்தது, கழுவுவதற்காகத் திரும்பவில்லை என்று. அந்தக் கதவைத் திறக்காத வரைக்கும் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பதினேழு வயசுப் பிள்ளைகள் இடி விழுந்தாலும் தூங்கும், எல்லாரும் சொல்வதுதான், நாச்சிமுத்துவின் பேரன் அப்படித்தான், தூங்குகிற பிள்ளைகளுக்காகத்தானே இந்தப் பெட்டியே. தூங்கட்டும் கண்ணு, தூங்கு, இன்றைக்கு ஒருநாள் நீ தூங்கிக்கொண்டுமட்டும் இரு, எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நடந்தாள், வாஷ்பேசின் கண்ணாடியில் போன முகத்தை யாரென்று பார்க்கவில்லை. கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபோது பலகை அதிர்ந்தது, அடிக்கு அடி, உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. தாழ் போட்டிருக்கவில்லை.

முதலில் மேலேதான் பார்த்தாள். ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். தாரணி சுவரோரமாகச் சாய்ந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தாள். மூச்சு ஏறி இறங்கியது. தேன்மொழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தூங்குகிறாள், அசட்டுப் பெண், தூங்குகிறாள். சிரிப்புக்கூட வந்தது. விளக்கைப் போட்டாள். தாரணியின் கண் திறந்திருந்தது. வெளிச்சத்துக்கு இமைகூடச் சுருங்கவில்லை. அது மேசை மேல் இருந்த சாம்பல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது, ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்.

கண்ணு, முழிச்சுட்டுத்தான் இருக்கிறாயா என்று கேட்டாள். சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து மறுபடி கேட்டாள். தாரணியின் உதடு அசைந்தது. தேன்மொழி காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"தினமும் முழிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்," என்றாள் தாரணி. "அது அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. எப்ப அடிக்கும் எப்ப அடிக்கும்னு பாத்துட்டே இருப்பேன்."

"அப்பறம் ஏன் சாமி எந்திரிக்கல?"

"முடியலம்மா. காலைத் தூக்கிக் கீழ வைக்கணும்னு தெரியுது. இன்னைக்கு வரவே மாட்டேங்குது."

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். தேன்மொழி பெட்டியைக் கையில் எடுத்தாள், திருப்பினாள். பொத்தான் இல்லை. எங்கே இருக்கும், அவள்தானே வைக்கவில்லை. திருகுகளைக்கூடச் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு வராத தினுசில் தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினாள், தலையணை அடித்தது. கடைசியில் அதை மேசை மேல் வைத்துவிட்டுத் தட்டின் மேல் ஏறினாள். ரப்பர் குளிர்ச்சியாக உள்ளங்காலில் ஒட்டியது. இடது கால், வலது கால். அவள் இதுவரை ஒரு தரம்கூட நாலரை மணிக்கு இதில் ஏறி நின்றதில்லை, அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டே ஏறி இறங்கியதுதான். முழங்கால் தூக்க மறுத்தது. பெட்டி நேர் எதிரே, முகத்துக்கு முகம். இடது, வலது. படுத்தபடியே மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் தடுக்கி நடுவில் ஒருமுறை நின்றுவிட்டாள், எண்ணிக்கை முதலுக்குப் போயிற்று. மறுபடி தொடங்கினாள். சேலை காலில் சிக்கியது, கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ எங்கிருந்தோ ஓட்டுகிற மாட்டைப் போல நின்ற இடத்திலேயே நடந்தாள், மூச்சு வாங்கியது. சத்தம் நின்றது.

அந்த அமைதி பொறுக்க முடியாததாக இருந்தது. ஃபேன் சுற்றுவது, தெருவில் பால் வண்டி போவது, எல்லாம் தூரத்தில் இருந்தன.

"இப்ப நான் எந்திரிச்சுட்டேன்னு போயிருக்கும், இல்லம்மா?" என்றாள் தாரணி.

தேன்மொழி பதில் சொல்வதற்குள் போன் வந்துவிட்டது. பச்சை வந்துவிட்டது, பார்த்தேன், அவ்வளவு நேரம் படுத்துக்கிடந்த பிள்ளையையும் எழுப்பிவிட்டதே, இதைவிட என்ன வேண்டும், அங்கே போய் இதையே சொல்லலாம், நான் கொஞ்சம் முன்னாடியே கிளம்புகிறேன், இதோ வந்துவிடுவேன் என்றார் நாச்சிமுத்து. அவர் பேசி முடிக்கும்வரை தேன்மொழி தட்டின் மேலேயே நின்றிருந்தாள்.

"அவ எந்திரிக்கல சார். நாந்தான் ஏறி நின்னேன்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "யாரு நின்னா என்னம்மா, சத்தம் நின்னுதல்ல?"

இந்தப் பெட்டி வேண்டாம் சார், அங்கே வைக்க வேண்டாம் என்றாள். அந்தப் பிள்ளைகள் தூங்கவில்லை, எழ முடியாமல் கிடக்கிறார்கள், அது வேறு இது வேறு என்றாள். சொல்லும்போதே தெரிந்தது, எல்லாம் குழம்பிப்போய் வருகிறது, தராசு விற்கிறவருக்கு இதில் ஒரு சொல்கூட எடைக்கு நிற்காது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் இன்று நீ வர வேண்டாம், வீட்டில் இருந்து பார்த்துக்கொள், சாமான்தான் காரில் இருக்கிறதே, மாட்டுவதற்குப் பையனைக் கூட்டிக்கொள்கிறேன் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். சகுந்தலாவின் நம்பர் இருக்கிறதா என்று தேன்மொழி போனில் தேடினாள். அளவெடுக்கப் போன அன்று வாங்கவில்லை. பள்ளி ஆபீஸ் நம்பர் ஒன்று இருந்தது. அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை, இந்த நேரத்துக்கு யார் எடுப்பார்கள். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு விளக்கை அணைத்தாள். அடுப்பில் இட்லிப் பாத்திரம் கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும், போய் அணைக்க வேண்டும், போய் அணைத்துவிட்டு வந்தாள், திரும்பி வரும்போது ஃபிரிட்ஜிடம் நிற்கவில்லை. ஒற்றைக் கட்டிலில் தாரணியை இடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். எத்தனை வருசம் ஆயிற்று இப்படிப் படுத்து. கையை எடுத்து மகள் மேல் போட்டபோது தோள் எலும்பு துணிக்கு அடியில் துருத்திக்கொண்டு தட்டுப்பட்டது. தட்டு சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

"நீ போகலையாம்மா?"

"இல்ல."

எழுந்து படி, எழுந்து குளி, நேரமாகிறது என்று வாய் வரைக்கும் வந்த சொற்களெல்லாம் பழக்கத்தில் வந்தவை, அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினாள். விழுங்கிய பிறகு கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது. எப்பொழுதிருந்து கண்ணு என்று கேட்டாள். தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் அம்மாவின் கையைத் தள்ளவில்லை, அதன் கீழே அப்படியே இருந்தாள். வெளுக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் கார் வந்து நின்று ஒருமுறை ஹாரன் அடித்தது, பழக்கதோஷம்போல, பிறகு ஞாபகம் வந்ததுபோல் நகர்ந்தது. தெரு முனையில் அது கியர் மாற்றும் வரைக்கும் தேன்மொழி கேட்டுக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள், அவற்றுக்குள் சாம்பல் நிறப் பெட்டிகள். நாமக்கல்லில் அந்த நீள அறையில் இந்நேரம் எல்லாரும் படுத்திருப்பார்கள், தலையணைகள் ஒரே பக்கமாக. அப்போது சுவரைப் பார்த்தபடியே தாரணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மிகச் சின்னக் குரல். தேன்மொழியின் காதுக்குள் அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை, இரண்டு அடி, இடைவெளி, ஒற்றை அடி. அதற்கு அடியில் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்க அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.